ஊராட்சியா, தனிப் பேரூராட்சியா, நகராட்சியோடு இணைப்பா? மலையூர்கள் போட வேண்டிய கணக்கு

கொடைக்கானல் நகராட்சி எல்லையைத் தாண்டி வில்பட்டிப் பக்கம் போனால் நகரம் முடிந்த மாதிரியே தெரியாது. கட்டடமும் விடுதியும் வார இறுதி வண்டி நெரிசலும் தொடர்ந்துகொண்டே இருக்கும். ஆனால் அங்கிருந்து தண்ணீர் திறந்துவிடுவதும் குப்பை அள்ளுவதும் ஊராட்சியின் வேலை. உதகையையும் குன்னூரையும் ஒட்டிய ஊராட்சிகளுக்கும் இதே நிலைதான். நகரத்தின் பளுவைச் சுமக்கிறோம், கிராமத்துக்கான ஆளும் பணமும்தான் கையில் இருக்கிறது என்ற ஆதங்கம் நியாயமானது.

2024 இறுதியில் தமிழக அரசு, நகராட்சி, மாநகராட்சிகளின் எல்லையை விரித்து, புதிதாக 13 நகராட்சிகளையும் 25 பேரூராட்சிகளையும் அமைக்கும் முடிவை அறிவித்தது. அதிலிருந்து இந்தப் பேச்சு டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது. "நகராட்சியானால் நிலத்து மதிப்பு ஏறும்" என்பது ஒரு தரப்பு. "நூறு நாள் வேலை போய்விடும்" என்பது மறுதரப்பு. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் மலையில் முடிவைத் தீர்மானிக்க வேண்டியவை தண்ணீரும் கழிவும்தான் என்பது இந்தக் கட்டுரையின் நிலைப்பாடு. ஏன் என்பதைக் கீழே காணலாம்.

கையில் இருக்கும் வழிகள்

வழி மூன்று: கிராம ஊராட்சியாகவே நீடிப்பது, தனிப் பேரூராட்சியாவது, பக்கத்து நகராட்சியோடு இணைவது. தனி நகராட்சி என்பது நடைமுறையில் பெரும்பாலான மலை ஊராட்சிகளுக்கு எட்டாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கொடைக்கானல் நகராட்சிக்கே 36,501 பேர்தான், குன்னூருக்கு 45,494. சில ஆயிரம் பேர் உள்ள ஊராட்சி அந்த வரிசையில் நிற்க முடியாது.

இதில் ஊர் மக்களின் வாக்கெடுப்பு என்று எதுவும் கிடையாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். அரசியலமைப்பின் 243கியூ பிரிவு மக்கள்தொகை, அடர்த்தி, உள்ளூர் வருவாய், வேளாண்மை சாராத வேலையில் இருப்போரின் பங்கு, பொருளாதார முக்கியத்துவம் ஆகியவற்றைப் பார்த்து முடிவெடுக்கும் அதிகாரத்தை ஆளுநருக்கு, அதாவது மாநில அரசுக்குத் தருகிறது. ஊரின் கையில் இருப்பவை கிராம சபைத் தீர்மானமும் எழுத்து மூலமான ஆட்சேபணையும். அவை இரண்டும் கணக்கோடு போனால்தான் எடுபடும்.

மாறாதவற்றை முதலில் கழித்துவிடுங்கள்

"பேரூராட்சியாகிவிட்டால் மாடி கட்ட அனுமதி சுலபமாகும்" என்ற நம்பிக்கைதான் பல கூட்டங்களில் கையைத் தூக்க வைக்கிறது. அது தவறு. ஹாக்கா என்று நாம் சொல்லும் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியல் வருவாய்க் கிராமங்களின் பெயரில் இருக்கிறது. ஊராட்சி பேரூராட்சியானதும் உங்கள் சர்வே எண் அதிலிருந்து வெளியேறாது. மரம் வெட்ட 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் அப்படியே நிற்கும். நீலகிரியில் கட்டட உயரம் 7 மீட்டர் என்ற வரம்பும் உள்ளாட்சியின் பெயர்ப்பலகையைப் பார்த்து வருவதல்ல. நகராட்சிக்குள் இருந்தால் தப்பிக்கலாம் என்பவர்கள், 2019இல் கொடைக்கானல் நகரில் விதிமீறிய விடுதிகள் உயர் நீதிமன்ற உத்தரவால் முத்திரையிடப்பட்டதை நினைத்துப் பார்க்கட்டும். சுற்றுலா வண்டிகளுக்கான இ-பாஸ், வன எல்லை, பட்டாச் சிக்கல் எதுவும் இதனால் தீராது. ஆகவே கட்டட அனுமதியை இந்த முடிவின் காரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எதை வைத்து எடைபோடுவது

ஐந்து கேள்விகள் போதும். ஊரில் எத்தனை குடும்பம் நூறு நாள் வேலை எனும் ஊரக வேலைத் திட்டத்தை நம்பியிருக்கிறது? கோடையில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, யாருக்குப் போகிறது? குப்பையும் மலக்கழிவும் எங்கே போய்ச் சேரும்? வரி எவ்வளவு ஏறும், யார் மீது ஏறும்? குழாய் உடைந்தால் யாரிடம் போய் நிற்பது?

| | கிராம ஊராட்சி | தனிப் பேரூராட்சி | நகராட்சியோடு இணைப்பு |
|---|---|---|---|
| ஊரக வேலைத் திட்டம் | உண்டு | இல்லை | இல்லை |
| தலைவர் தேர்வு | மக்கள் நேரடியாக, கட்சிச் சின்னம் இல்லாமல் | கவுன்சிலர்கள் வழியாக | கவுன்சிலர்கள் வழியாக |
| மக்கள் மன்றம் | கிராம சபை, ஆண்டுக்கு 6 | பகுதி சபை | பகுதி சபை |
| முழுநேர அலுவலர் | ஊராட்சிச் செயலர் | செயல் அலுவலர், வரி வசூலிப்பவர் | ஆணையர், பொறியியல், சுகாதாரம், வருவாய்ப் பிரிவுகள் |
| காலிமனை வரி | இல்லை | உண்டு | உண்டு |
| குப்பைக்கு இடம் | சிறு உரக்குழி போதும் | சொந்தமாகத் தேட வேண்டும் | நகராட்சியின் கிடங்கு |

கிராம ஊராட்சியாக நீடித்தால்

வேலைத் திட்டத்திலிருந்து தொடங்குவோம். 2025-26இல் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நாள்கூலி 336 ரூபாய். ஓர் ஊராட்சியில் 800 குடும்பம் சராசரியாக 45 நாள் வேலைக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 800 × 45 × 336 = சுமார் 1 கோடியே 21 லட்சம் ரூபாய் ஓராண்டில் நேராக வீட்டுக்கு வருகிறது. அதில் பெரும்பகுதி பெண்கள் கையில் விழும் பணம். பேரூராட்சியானால் இது நின்றுபோகும். 2025 இறுதியில் வந்த புதிய சட்டம் நாள்களை 125 ஆக உயர்த்துகிறது. அதுவும் ஊரகப் பகுதிக்கு மட்டுமே. நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் என்று மாநில அரசு ஒன்றை நடத்துகிறது. ஆனால் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும் என்ற சட்ட உரிமை அதற்கு இல்லை. உங்கள் ஊரின் உண்மையான எண்களை ஒன்றிய அலுவலகத்தில் வாங்கி இந்தப் பெருக்கலை நீங்களே போட்டுப் பாருங்கள்.

வீடு கட்டும் உதவியும் இதே கோட்டில் பிரிகிறது. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் தருவது ஊரகக் குடும்பங்களுக்கு. பட்டியலில் பெயர் இருந்து இன்னும் ஆணை வராதவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிக்கொள்ள வேண்டும். பேச்சு சூடுபிடிக்கும்போது எல்லோரும் மறந்துவிடுவது இவர்களைத்தான்.

கிராம சபை மதிப்பு மிக்கது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை வாக்காளர் ஒவ்வொருவரும் உறுப்பினராகவே உட்கார்கிறார். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தில் மனு முதலில் வருவதும் கிராம சபையிடம்தான். பழனி மலையில் பளியர், புலையர் குடியிருப்புகளும், நீலகிரியில் இருளர், குறும்பர் குடியிருப்புகளும் உள்ள ஊராட்சிகள், நிலுவை மனுக்களைத் தீர்க்காமல் வகைமாற்றத்துக்குப் போவது பெரிய தவறு. அந்தச் சட்டம் நகர்ப்புறத்திலும் செல்லும் என்பது உண்மை. ஆனால் அங்கே எந்த சபையைக் கூட்டுவது, யார் கையெழுத்திடுவது என்ற கேள்வியில் கோப்பு ஆண்டுக்கணக்கில் தூங்கிவிடும்.

மறைந்திருக்கும் செலவு ஆள் பற்றாக்குறை. ஒரே ஓர் ஊராட்சிச் செயலர், சில தொட்டி ஆபரேட்டர்கள், தூய்மைக் காவலர்கள். இவர்களை வைத்து ஐம்பது விடுதி உள்ள ஊரைச் சமாளிக்க முடியாது. விடுதியின் கழிவுநீர் ஓடையில் விடப்பட்டால் ஆய்வு செய்யத் தெரிந்த ஒருவரும் ஊராட்சியில் இல்லை. வீட்டுவரி பல ஆண்டுகளாக அசையாமல் கிடப்பதால் பணமும் இல்லை. 2019 டிசம்பரில் நீலகிரி, திண்டுக்கல் உள்ளிட்ட 27 மாவட்டங்களில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்து தனி அலுவலர்கள் வந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் தலைவர் என்ற பலம், தேர்தல் நடந்தால்தான் பலம்.

தனிப் பேரூராட்சியானால்

இதற்கு முன்மாதிரி தேடி வெளியூர் போக வேண்டாம். நீலகிரியில் கேத்தி, அதிகரட்டி, ஜெகதளா, உலிக்கல், பிக்கட்டி, கீழ்குந்தா, சோலூர், நடுவட்டம், தேவர்சோலை, ஓவேலி எல்லாம் பேரூராட்சிகள். பழனி மலையில் பண்ணைக்காடு. இவற்றில் பல இன்றும் தேயிலையும் கேரட்டும் சூழ்ந்த ஹட்டிகளாகவே, அதாவது மலைக் கிராமங்களாகவே இருக்கின்றன. பேரூராட்சி என்றதும் நகரம் முளைத்துவிடாது என்பதற்கு இவையே சாட்சி. ஒருநாள் போய், வரி ரசீதையும் தண்ணீர் வரும் நாள் கணக்கையும் அங்குள்ளவர்களிடம் கேட்டு வாருங்கள்.

பெயர் நிலையானது என்றும் நினைக்க வேண்டாம். 2004இல் தமிழகத்தின் பேரூராட்சிகள் ஒட்டுமொத்தமாகச் சிறப்புக் கிராம ஊராட்சிகளாக்கப்பட்டு, 2006இல் மறுபடி பேரூராட்சிகளாயின. இரண்டு முறையும் முடிவு சென்னையில் எடுக்கப்பட்டது.

லாபம் என்ன? எல்லை உங்களுடையது, வரியும் உங்கள் எல்லைக்குள்ளேயே செலவாகும். செயல் அலுவலர் முழுநேரம் இருப்பார். வரிக் கேட்பு, வசூல், நிலுவை ஒழுங்காக எழுதப்படும். நகர்ப்புறக் குடிநீர் நிதிக்கு விண்ணப்பிக்கலாம். ஊரகத்தில் ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டத்தின் கணக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். பாதாளச் சாக்கடை உள்ள நகரத்துக்கு அளவு 135 லிட்டர். 4,000 பேருக்கு 2.2 லட்சம் லிட்டருக்கும் 5.4 லட்சம் லிட்டருக்கும் உள்ள வித்தியாசம் இது. ஆனால் அளவுகோல் உயர்ந்தால் ஊற்று பெருகாது. புதிய நீராதாரம் இல்லாத ஊருக்குக் காகிதத்தில்தான் 135 கிடைக்கும்.

செலவுப் பக்கம் கனமானது.

முதலாவது வரி. நகர்ப்புறச் சொத்துவரி அரையாண்டுக்கு ஒருமுறை. 2022 ஏப்ரல் உயர்வில் நகராட்சி, பேரூராட்சிகளின் குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25%, 1,200 வரை 50%, 1,800 வரை 75%, அதற்கு மேல் 100% என்று ஏற்றினார்கள். வணிகக் கட்டடத்துக்கு 100%. இப்போது ஆண்டுதோறும் உயர்த்தும் முறையும் வந்துவிட்டது. ஆண்டுக்கு 6% ஏறினால் 12 ஆண்டில் வரி இரட்டிப்பாகும். ஊராட்சியிலிருந்து வருபவர்களுக்கு இதற்கு முன்பே ஒரு தாவல் உண்டு: புது மதிப்பீடு. உயர்வைவிட அந்த முதல் மதிப்பீடுதான் பலரைத் திடுக்கிட வைக்கும். அளக்க வரும்போது வீட்டில் ஆள் இருந்து, அடுப்படிச் சாய்ப்பும் விறகுக் கொட்டகையும் வீட்டின் பரப்பில் சேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது காலிமனை வரி. சாகுபடி நிலத்துக்கு இது கிடையாது. ஆனால் விலை விழுந்து இரண்டு போகம் தரிசாகப் போட்ட பாத்தி, மனையாகப் பார்க்கப்படும் அபாயம் இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அடங்கல் என்ற பயிர்ப் பதிவேட்டில் ஒவ்வோர் ஆண்டும் பயிரைப் பதிந்துகொள்வது ஒன்றே பாதுகாப்பு.

மூன்றாவது குப்பை. இங்கேதான் பல ஊர்கள் தடுமாறுகின்றன. ஆளுக்கு 300 கிராம் என்று கணக்கிட்டால் 6,000 பேருக்கு நாளொன்றுக்கு 1.8 டன், விடுதிக் குப்பை தனி. இதைப் பிரிக்கக் கூரைக் கொட்டகை, நுண் உர மையம், மட்கும் தொட்டிகள், லாரி திரும்ப இடம் எல்லாம் வேண்டும். மலையில் சமதளமாக இருப்பவை பெரும்பாலும் சதுப்பு, விளையாட்டுத் திடல், சுடுகாடு, வனத்துறை நிலம். எஞ்சியவை தனியார் தோட்டங்கள். வேலி இல்லாத கிடங்குக்கு முதலில் காட்டுப்பன்றியும் பிறகு காட்டுமாடும் கரடியும் வரும். சமவெளிக்காக வாங்கும் பேட்டரி வண்டிகள் பாரத்தோடு மேடேறத் திணறி, சில மாதத்தில் ஓரங்கட்டப்படும். சிறிய டீசல் வண்டியாகக் கேட்க வேண்டும். கிடங்குக்கு இடம் கையில் இல்லாமல் பேரூராட்சி கேட்கும் ஊர், தன் ஓடைக்குத் தானே குழி பறிக்கிறது.

நான்காவது சாலை. ஊராட்சி ஒன்றியம் பார்த்துவந்த சாலைகளின் பராமரிப்பு புதிய பேரூராட்சியின் தலையில் விழும். மலைச் சாலையில் தாரைவிடத் தடுப்புச்சுவருக்கும் பக்கவாட்டு வடிகாலுக்கும் சிறுபாலத்துக்கும்தான் பணம் போகும். ஒரு மழையில் ஒரு சுவர் சரிந்தால் சிறு பேரூராட்சியின் ஆண்டு நிதியே ஆடிப்போகும்.

நகராட்சியோடு இணைந்தால்

நகராட்சியிடம் பொறியாளர், சுகாதார ஆய்வாளர், லாரி, கிடங்கு எல்லாம் தயாராக இருக்கின்றன. புதிதாக எதையும் தேட வேண்டியதில்லை. குழாய், சாக்கடை, குப்பை மூன்றும் ஏற்கெனவே நகரத்தோடு பின்னிப்போன ஊருக்கு இது இயல்பான வழி.

ஆனால் தண்ணீரை நினைத்துப் பாருங்கள். மலையில் ஊற்று மிகவும் வற்றுவது மார்ச் முதல் மே வரை. சுற்றுலாக் கூட்டம் உச்சத்தில் இருப்பதும் அதே நாள்களில். 2025 கோடையில் உயர் நீதிமன்றம் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்றும், கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்றும் வரம்பு வைத்தது. வரம்புக்குள் வரும் அத்தனை பேரும் குளிக்க வேண்டும். உதகைக்குப் பார்சன்ஸ் வேலி அணை, கொடைக்கானலுக்கு மனோரத்தினம் சோலை அணை என்று நகரங்களுக்குத் தனி ஆதாரம் இருந்தும் கோடையில் முறைவைத்துத்தான் தண்ணீர் விடுகிறார்கள். இணைந்த பிறகு உங்கள் ஊற்றும் தொட்டியும் நகராட்சிச் சொத்து. மேட்டுத் தெருவுக்கு எந்த நாள், பள்ளத்து விடுதிக்கு எந்த நாள் என்பதை நகராட்சிப் பொறியியல் பிரிவு முடிவு செய்யும். ஊரில் ஒருவரைத் தட்டியெழுப்பி வால்வைத் திறக்கச் சொன்ன காலம் முடிந்துபோகும்.

அடுத்தது பலம். 5,000 பேர் உள்ள ஊராட்சி, உதகை போல 2011லேயே 88,430 பேர் இருந்த நகராட்சியில் சேர்ந்தால், மன்றத்தில் இரண்டு மூன்று வார்டு கிடைக்கலாம். சிதறிய ஹட்டிகள் வெவ்வேறு வார்டுகளில் நகரத் தெருக்களோடு ஒட்டப்படவும் கூடும். அப்போது ஓர் ஊரின் குரல் இரண்டாகப் பிளந்துவிடும். வார்டு வரையறை வரைவு வெளியாகும்போது ஆட்சேபிப்பது இதனால் மிக முக்கியம்.

இன்னொன்றையும் வெளிப்படையாகப் பேச வேண்டும். இடம் தேடும் நகராட்சிக்கு இணைந்த ஊரின் ஒதுக்குப்புறம் கண்ணில் படும். குன்னூருக்கு ஓட்டுப்பட்டறை, உதகைக்குத் தீட்டுக்கல் என்று கிடங்குகள் எப்போதும் நகரின் ஓரத்தில்தான் அமைந்தன. இணைப்புக்குப் பின் அந்த ஓரம் உங்கள் ஊராக இருக்கும்.

மலக்கழிவு: மூன்று வழிக்கும் பொதுவான ஆபத்து

இதற்கெனத் தனித் தலைப்பு வேண்டும். நம் வீடுகளில் பெரும்பாலும் உறைகுழிதான். சரிவில் ஒரு வீட்டின் உறைகுழி கசிவது கீழ்வீட்டின் தடுப்புச்சுவருக்குப் பின்னால். மழையில் மண் ஏற்கெனவே ஊறியிருக்கும்போது அந்தக் கசிவு சுவரைத் தள்ளுகிறது. 2009 நவம்பர் 10இல் கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் கொட்டியபோது நீலகிரி எப்படிச் சரிந்தது என்பது யாருக்கும் மறந்திருக்காது. அடுக்கடுக்கான மனைகளில் வீடு நெருங்க நெருங்க உறைகுழி ஆபத்தாகிக்கொண்டே போகும். படிக்கட்டு வழியாக மட்டுமே போகக்கூடிய வீட்டுக்குக் கழிவுநீர் லாரியின் குழாயும் எட்டாது.

ஆகவே, வீடுகள் நெருக்கமாக அடைந்துவிட்ட, சாக்கடைக் குழாய் சரிவிலேயே இறங்கி நகராட்சி இணைப்பில் போய்ச் சேரக்கூடிய ஊருக்கு, வரி ஏறினாலும் இணைப்பே சரி. மற்றெந்தக் காரணத்தைவிடவும் இது வலுவானது. குழாய் ஒரு முகட்டைத் தாண்டி மேலேற்ற வேண்டியிருந்தால் மின்கட்டணமும் பம்ப் பழுதும் சேர்ந்து அந்தத் திட்டம் நடக்காது. அப்படிப்பட்ட ஊர் இணைந்தால் வரி மட்டும்தான் வரும்.

எந்த ஊருக்கு எது

பூண்டு, கேரட், பீன்ஸ், தேயிலை என்று நிலத்தை நம்பிய குடும்பம் பாதிக்கு மேல் இருந்து, வேலை அட்டைகள் உயிரோடு இருந்தால் ஊராட்சியாகவே நீடியுங்கள். பூம்பாறை, மன்னவனூர் மாதிரி நகரத்திலிருந்து தள்ளியிருக்கும் ஊர்களுக்கு இதில் குழப்பமே தேவையில்லை.

விடுதி, பள்ளி, வணிகக் கட்டடம் ஆகியவற்றிலிருந்து வரும் வரி மொத்த வரியில் பாதியைத் தொட்டு, சொந்த நீராதாரம் மே மாதத்திலும் வற்றாமல் இருந்து, குப்பைக்கு இரண்டு ஏக்கராவது கையில் இருந்தால் தனிப் பேரூராட்சி கேட்கலாம். மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் பொறுத்திருப்பது நல்லது.

எல்லையோரத்தில் நாலைந்து தெருக்கள் மட்டும் நகரமாகிவிட்டு, மீதி எட்டுக் குக்கிராமங்கள் தோட்டமாகவே இருந்தால், முழு ஊராட்சியையும் கொடுக்காமல் அந்தப் பகுதியை மட்டும் நகராட்சியில் சேர்க்கக் கேட்கலாம். ஆனால் ஊராட்சிக்கு வரி தரும் கட்டடங்கள் அந்தத் தெருக்களில்தான் இருக்கும். மீதமுள்ள ஊராட்சி எதை வைத்து நடக்கும் என்று பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

தீர்மானத்துக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

மூன்றாண்டு கேட்பு, வசூல், நிலுவைப் பட்டியல். வேலைத் திட்டத்தில் வழங்கிய மொத்தக் கூலி. வீட்டுத் திட்டக் காத்திருப்போர் பட்டியல். ஒவ்வொரு தொட்டியின் கொள்ளளவும் ஏப்ரல், மே மாதங்களில் அது நிரம்பும் நேரமும். நிலுவையிலுள்ள வன உரிமை மனுக்கள். கேட்டும் தராவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடலாம். 30 நாளில் பதில் வர வேண்டும்.

பிறகு கிராம சபைக்கு முன்பே ஒவ்வொரு குக்கிராமத்திலும் உட்கார்ந்து பேச வேண்டும். சாலையோர ஊர் வேண்டும் என்பதையும் உள்ளே இருக்கும் ஊர் வேண்டாம் என்பதையும் சபை நாளன்று முதன்முறையாகக் கேட்டால் கூச்சல்தான் மிஞ்சும்.

தீர்மானம் ஆதரவாக இருந்தாலும் எதிராக இருந்தாலும் வெறும் "ஏற்கிறோம்", "எதிர்க்கிறோம்" என்று எழுதாதீர்கள். இணைப்பு என்றால் நிபந்தனைகளையும் எழுதுங்கள்: எங்கள் ஊற்றின் நீர் முதலில் எங்கள் குக்கிராமங்களுக்கு, எல்லைக்குள் புதிய குப்பைக் கிடங்கு வேண்டாம், ஒரு ஹட்டியை இரண்டு வார்டாக வெட்டக் கூடாது, ஊராட்சித் தொட்டி ஆபரேட்டர்களும் தூய்மைக் காவலர்களும் பணியில் தொடர வேண்டும். இவை சட்டப்படி அரசைக் கட்டுப்படுத்தா. ஆனால் பின்னால் மன்றத்திலோ நீதிமன்றத்திலோ பேச வேண்டிய நாளில் கையில் இருக்கும் ஒரே தாள் அதுதான். முதல்நிலை அறிவிக்கை அரசிதழில் வந்ததும், அதில் குறித்த நாள்களுக்குள் தீர்மான நகலோடு ஆட்சியருக்கும் அறிவிக்கையில் சொன்ன அலுவலருக்கும் தனித்தனியாக மனு கொடுத்து, தேதி முத்திரையோடு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் வாக்காளர் அட்டை எண்ணையும் எழுதச் செய்யுங்கள். எண் இல்லாத பட்டியலை விசாரணையில் எளிதாக ஒதுக்கிவிடுவார்கள்.